துத்தம், சுல்ஃபாத், சல்பேட்: உப்புகளுக்குப் பெயர் வந்த கதை

நம் கொல்லிமலையில் மிளகுக் கொடிக்கு மருந்து அடிப்பவர்கள் அதைத் 'துத்தம்' என்பார்கள். சித்த மருந்துச் சரக்கு விற்கும் கடையில் அதற்கு 'மயில்துத்தம்' என்று பெயர். உரக்கடைச் சீட்டில் 'காப்பர் சல்பேட்' என்று அச்சாகி வரும். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டினால் காப்பர் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் இரண்டு போட்டு, பிறகு சல்பேட் என்று இருக்கிறது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எனக்கு அது 'சுல்ஃபாத் த குய்வ்ரு'. ஒரே நீலக் கல்லுக்கு இத்தனை பெயர். இவை எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பள்ளியில் வேதியியல் என்றாலே தலை சுற்றியது என்று சொல்லும் நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம். சமன்பாடு ஒன்றுகூட வராது.

முதலில் பழைய பெயர்களைப் பார்ப்போம். நம் முன்னோர்கள் பொருளைக் கண்ணால் பார்த்தும், நாக்கால் சுவைத்தும், செய்யும் வேலையை வைத்தும் பெயரிட்டார்கள். மயில் கழுத்து நிறம், அதனால் மயில்துத்தம். வெடிமருந்தில் சேர்வதால் வெடியுப்பு. கறிக்குப் போடுவது கறியுப்பு. அன்னபேதி, படிகாரம், நவச்சாரம், வெங்காரம், இந்துப்பு என்று பட்டியல் நீளும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். மயில்துத்தத்தை நீல விட்ரியால் என்றார்கள், அன்னபேதியைப் பச்சை விட்ரியால் என்றார்கள். பெயர்கள் அழகானவை. ஆனால் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மயில்துத்தத்திலும் அன்னபேதியிலும் பாதிப் பொருள் ஒன்றுதான் என்று அந்தப் பெயர்கள் சொல்வதில்லை.

இதனால் ஆபத்தும் உண்டு. சித்த மருத்துவத்தில் பூரம், வீரம் என்று இரண்டு பாதரசச் சரக்குகள். இரண்டுமே வெள்ளையாக இருக்கும். இரண்டிலும் இருப்பது பாதரசமும் குளோரினும் மட்டுமே. பூரத்தை ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள். அதுவும் நல்லதல்ல என்று பின்னாளில் தெரிந்துகொண்டார்கள். வீரமோ கடும் விஷம், சிறிய அளவே ஆளைக் கொன்றுவிடும். பூரம் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, வீரம் நன்றாகக் கரையும். உயிருக்கும் சாவுக்கும் இடையில் நின்றது அந்தப் பெயர் ஒன்றுதான். பெயர் வைப்பது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பொட்டலங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1787-ல் பாரிஸில் நான்கு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள். வேதியியல் பெயரிடும் முறை என்பது அதன் பொருள். நால்வர் கித்தோன் த மொர்வோ, லவோசியே, பெர்த்தொல்லே, ஃபூர்க்ருவா. இதைத் தொடங்கி வைத்த கித்தோன் த மொர்வோ திழோன் நகரத்து வக்கீல். லவோசியேயும் சட்டம் படித்தவர், வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரர். அந்த வரி வசூல்தான் பிறகு அவருக்கு எமனாயிற்று. புரட்சிக்காலத்தில், 1794 மே 8 அன்று அவர் தலையை வெட்டினார்கள். அவர் போனாலும் அவர்கள் வைத்த பெயர்கள் நிலைத்தன.

அவர்கள் சொன்னது எளிய விஷயம். ஒரு பொருள் இரண்டு பாகங்களால் ஆனது என்றால் பெயரிலும் அந்த இரண்டு பாகங்கள் தெரிய வேண்டும். முப்பது வருஷம் அலுவலகத்தில் கோப்பு கட்டியவனுக்கு இது உடனே புரியும். கோப்பின் மேல் 'முக்கியம்' என்று எழுதி வைத்தால் பத்து வருஷம் கழித்து யாருக்கும் உதவாது. எந்தத் துறை, என்ன பொருள் என்று எழுதினால் நமக்குப் பின் வருகிறவர் அரை நிமிஷத்தில் எடுத்துவிடுவார். மயில்துத்தம் என்பது முதல் வகை, காப்பர் சல்பேட் என்பது இரண்டாம் வகை.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் பெயரின் வாலை ஒழுங்குபடுத்தியது. கந்தகத்தில் பிராணவாயு நிறையச் சேர்ந்த அமிலத்திலிருந்து வரும் உப்புக்கு 'சுல்ஃபாத்', குறைவாகச் சேர்ந்த அமிலத்தின் உப்புக்கு 'சுல்ஃபித்'. பிராணவாயுவே இல்லாமல் கந்தகம் மட்டும் உலோகத்தோடு சேர்ந்தால் 'சுல்ஃப்யூர்'. இவைதான் இங்கிலீஷில் சல்பேட், சல்பைட், சல்பைடு என்று ஆயின. ஆத், இத், ஊர் என்ற மூன்று வால்களைத் தெரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. எங்கள் வகுப்பில் இந்த 'ஊர்' ஒரு வேடிக்கை. க்ளோரூர், ப்ரோமூர், சுல்ஃப்யூர் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, ஏதோ திண்டிவனம் பக்கத்து ஊர்களின் பட்டியல் போலவே இருக்கும்.

கறியுப்புக்கு அந்த நால்வர் வைத்த பெயர் மட்டும் நிற்கவில்லை. அப்போது சோடியத்தையும் யாரும் பிரித்தெடுக்கவில்லை, குளோரின் தனிமம் என்றும் தெரியாது. அதனால் 'சோடாவின் மூரியாத்' என்றார்கள். லண்டனில் ஹம்ப்ரி டேவி 1807-ல் சோடியத்தைப் பிரித்தார். 1810-ல் குளோரின் ஒரு தனிமம் என்று நிலைநாட்டி அதற்குப் பெயரும் வைத்தார். அதன் பிறகுதான் சோடியம் குளோரைடு பிறந்தது. நாம் ஆதிகாலம் தொட்டுச் சாப்பிடும் பொருளின் சரியான பெயருக்கு வயது இருநூறுக்குச் சற்று மேல்தான்.

பெயர் வரிசையில் ஒரு சங்கதி உண்டு. பிரெஞ்சில் 'சோடியத்தின் குளோரைடு' என்பதை 'க்ளோரூர் த சோதியோம்' என்பார்கள். குளோரின் முன்னால், சோடியம் பின்னால். ஆனால் குறியீட்டில் எழுதும்போது சோடியம்தான் முன்னால் வரும். ஆகவே நாங்கள் இடமிருந்து வலமாக எழுதி, உருது படிப்பவர் போல வலமிருந்து இடமாக வாசித்தோம். இங்கிலீஷில் அந்தத் தொல்லை இல்லை. தமிழிலும் இல்லை. நாம் 'கொல்லிமலைத் தேன்' என்கிறோம், தேனை முன்னால் போட்டுச் சொல்வதில்லை. எந்த ஊர், யாருடையது என்பது முதலில், பொருள் பின்னால். சோடியம் குளோரைடு, கால்சியம் கார்பனேட் என்ற வரிசை நம் மொழியின் இயல்போடு தானாகவே பொருந்திவிட்டது.

இனி அயனிக்கு வருவோம். மைக்கேல் ஃபாரடே உப்புக் கரைசலிலும் உருகிய உப்பிலும் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். உப்பு இரண்டாகப் பிரிந்து ஒன்று ஒரு முனைக்கும் மற்றது எதிர் முனைக்கும் போயிற்று. இப்படிப் போகிறவற்றுக்குப் பெயர் வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெலுக்குக் கடிதம் எழுதினார். ஹ்யூவெல் கிரேக்கத்திலிருந்து 'அயன்' என்று எடுத்துக் கொடுத்தார், 'போவது' என்று அர்த்தம். இது நடந்தது 1834-ல். எதிர்முனைக்குப் போவது கேட்டயன், நேர்முனைக்குப் போவது ஆனயன். நம் பாடநூல்கள் இதை அயனி, நேரயனி, எதிரயனி என்று ஆக்கிக்கொண்டன. உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படிக்கிறோம் அல்லவா? அதிலுள்ள 'அயனம்' என்றால் போக்கு, செல்கை. அந்த வடமொழி வேரும் ஹ்யூவெல் எடுத்த கிரேக்க வேரும் ஒரே குடும்பத்து வேர்கள். ஆகையால் அயனி நமக்கு முற்றிலும் அந்நியச் சொல் அல்ல, தூரத்து உறவு. கன்னியாகுமரிப் பக்கத்தில் அயனி என்றால் பலா இனத்து மரம் ஒன்று. அந்த ஊர்ப் பையன் இந்தப் பாடத்தை முதலில் கேட்டால் சிரிக்கத்தான் செய்வான்.

நேரயனி என்பது எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டது, எதிரயனி அதை வாங்கிக்கொண்டது. கொடுத்த மொத்தமும் வாங்கிய மொத்தமும் சரியாக இருந்தால்தான் உப்பு உண்டாகும். பற்று வரவு சமமாகாமல் கணக்கை முடிக்க முடியாது என்பது போலத்தான். சோடியம் ஒன்று கொடுக்கிறது, குளோரின் ஒன்று வாங்குகிறது, தீர்ந்தது. அலுமினியம் மூன்று கொடுக்கும், ஆக்சிஜன் இரண்டுதான் வாங்கும். ஆகவே இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன். ஆனாலும் பெயர் வெறும் அலுமினியம் ஆக்சைடுதான். எண்ணிக்கையைப் பெயரில் சொல்லத் தேவையில்லை, கணக்கே அதைச் சொல்லிவிடும்.

இந்த அலுமினியம் ஆக்சைடு நமக்குப் புதிதல்ல. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் தோண்டிய பாக்சைட் மண் அதுதான், கூடவே தண்ணீரும் இரும்பும் கலந்து. பாக்சைட் என்ற பெயர் தென் பிரான்சிலுள்ள லெ போ என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே 1821-ல் பியேர் பெர்த்தியே இந்த மண்ணை ஆராய்ந்தார். நம் மலை மண்ணுக்கு ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் பெயர்! அலுமினியம் என்ற சொல்லோ படிகாரத்தின் லத்தீன் பெயரான 'அலுமென்' என்பதிலிருந்து வந்தது. படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது என்று சவரக் கடைக்காரருக்கும் தெரியாது, மண்ணில் இருப்பதும் அதே சரக்குதான் என்று லாரி ஓட்டியவருக்கும் தெரியாது. புதிய பெயர்கள்தான் இரண்டையும் இணைத்துக் காட்டின.

மேட்டூரில் மால்கோ ஆலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மலையிலிருந்து போன மண்ணைச் சுத்தம் செய்து, வெள்ளை அலுமினா ஆக்கி, உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். இந்த முறையை 1886-ல் பிரான்சில் பால் எரூவும் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863-ல் பிறந்தவர்கள், இருவரும் 1914-ல் இறந்தார்கள். பள்ளிப் பாடக் கணக்கில் சொன்னால், அலுமினிய அயனி எதிர்முனைக்கு நடந்து போய் மூன்று எலெக்ட்ரானைத் திரும்பப் பெற்று உலோகமாகிவிடுகிறது. ஃபாரடே சொன்ன 'போவது' இதுதான். மண் எடுத்ததால் மலைக்கு வந்த நன்மை தீமை பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

சரி, தமிழில் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். 1847-ல் அங்கே வந்தவர் அவர். அவர் முயற்சியில் வந்த தமிழ் நூல்களில் ஒன்று 'கெமிஸ்தம்', 1875-ல் அச்சானது. கெமிஸ்ட்ரிக்குத் தமிழில் ஒரு உருவம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைத் தலைப்பே சொல்கிறது.

அடுத்த பெரிய முயற்சி நம் மலைக்குப் பக்கத்தில், சேலத்தில் நடந்தது. 1916-ல் அங்கே வக்கீலாக இருந்த ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாரிஸிலும் தொடங்கி வைத்தவர் வக்கீல், சேலத்திலும் வக்கீல். சொல்லுக்கு ஒரே அர்த்தம் இருக்க வேண்டும் என்ற கவலை அந்தத் தொழிலுக்கே உரியது போலும். அப்போது புதுச்சேரியில் இருந்த பாரதியாரும் பரிபாஷை பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ராஜாஜி பிற்பாடு 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு நூலே எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து பேசும் தமிழில் ரசாயனம் சொல்ல முடியும் என்று காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிறகு சண்டையும் வந்தது. கலைச்சொல் வடமொழியில் இருக்க வேண்டுமா, தனித்தமிழில் இருக்க வேண்டுமா, இங்கிலீஷை அப்படியே எடுத்துக்கொள்வதா? 1938-ல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 'கலைச்சொற்கள்' தொகுப்பை வெளியிட்டது. 1940-ல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அது வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள். இந்தப் போராட்டத்தின் தடயங்கள் நம் வாயிலேயே இருக்கின்றன. பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் மூன்றையும் நம் வயதுக்காரர்கள் படித்திருக்கிறோம். கரியமிலவாயுவைப் பாருங்கள். கரி, அமிலம், வாயு. லவோசியே காலத்தில் அதைக் 'கார்போனிக் அமில வாயு' என்றார்கள். அதன் நேர் தமிழாக்கம் இது. ஐரோப்பாவில் அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது, எங்கும் கார்பன் டை ஆக்சைடுதான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

தனிமங்களுக்கு இப்படி மாற்றுப் பெயர் வைக்கலாம். அயனிகளின் வாலுக்கு வைப்பது கடினம். கடைசியில் இங்கிலீஷ் வால்களையே எடுத்துக்கொண்டோம். அங்கேதான் ஒரு சிக்கல். நம் எழுத்தில் வல்லின மெல்லொலிக்குத் தனி எழுத்து கிடையாது. சல்பைட் என்று எழுதினால் ஒரு பொருள், சல்பைடு என்று எழுதினால் வேறு பொருள். இடையில் இருப்பது ஒரு புள்ளியும் ஒரு உகரமும்தான். சோடியம் சல்பைட் உணவு கெடாமல் இருக்கச் சிறு அளவில் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று. சோடியம் சல்பைடு ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் தொழிற்சாலைகளில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சேர்ப்பது. அதில் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு கிளம்பும். தோல் தொட்டியிலும் கழிவுக் குழியிலும் இறங்கியவர்கள் அந்த வாயுவால் செத்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். மூட்டையின் மேல் எழுதும் எழுத்தில் ஒரு புள்ளி போதாது என்பது என் கருத்து.

ஈழத்தமிழர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்களுடைய பாடநூலில் மெல்லொலிக்கு 'ட்டு', வல்லொலிக்கு 'ற்று'. ஒட்சைட்டு, குளோரைட்டு, சல்பைட்டு ஒரு பக்கம். சல்பேற்று, காபனேற்று, நைத்திரேற்று, சல்பைற்று மறு பக்கம். நமக்குக் கேட்கச் சற்று விநோதமாக இருக்கும். ஆனால் தமிழ் எழுத்துக்குள்ளேயே நின்று, தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. சென்னைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒரு முறை யோசிக்க வேண்டும்.

பூரத்தையும் வீரத்தையும் பாதியில் விட்டுவிட்டேன். இங்கிலீஷ் வேதியியல் அவற்றை மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் குளோரைடு என்றது. இரும்பிலும் அப்படியே பெரஸ், பெரிக். அன்னபேதி பெரஸ் வகை, நம் மலைச் செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது பெரிக் வகை. எது குறைவு, எது அதிகம் என்று மனப்பாடம்தான் செய்ய வேண்டும். இதை மாற்றியவர் ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானியர். உலோகம் எத்தனை எலெக்ட்ரான் அளவில் நிற்கிறது என்பதை ரோமன் எண்ணால் பெயரிலேயே எழுதிவிடலாம் என்று 1919-ல் சொன்னார். பூரம் பாதரசம் ஒன்று குளோரைடு, வீரம் பாதரசம் இரண்டு குளோரைடு. பேரப்பிள்ளைகளின் புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பது இந்த எண்தான். இதில் ஒரு சோகம் உண்டு. ஸ்டாக் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பாதரசத்தோடு பழகி, அதன் ஆவியால் நினைவாற்றல் குறைந்து, தலைவலியால் அவதிப்பட்டார். 1926-ல் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றி உலகத்தை எச்சரித்து எழுதினார்.

கடைசியாக மறுபடி மிளகுக் கொடி. துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்துக்குப் போர்டோ கலவை என்று பெயர். பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் 1880களில் மில்லார்தே என்ற பேராசிரியர் கண்டு சொன்னது. ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு சதக் கணக்கு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். பிறகு தீட்டிய கத்தியைச் சற்று நேரம் முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகிவிடும். கத்தியில் படிவது என்ன? சுண்ணாம்பில் சிக்காமல் மீதமிருந்த செம்பு அயனி. இரும்பு தன் எலெக்ட்ரானை அதற்குக் கொடுத்துத் தான் கரைந்து போகிறது, செம்பு உலோகமாகப் படிகிறது. செம்பு இரண்டு சல்பேட், இரும்பு இரண்டு சல்பேட் ஆகிறது. அதாவது மயில்துத்தம் அன்னபேதியாக மாறுகிறது. பழைய பெயர்களில் சொன்னால் ஏதோ சித்தர் வித்தை. புதிய பெயர்களில் சொன்னால் பற்று வரவு.

என் முடிவு இதுதான். துத்தம், பூரம், அன்னபேதி எல்லாம் நம் வீட்டுச் செல்லப் பெயர்கள், அவற்றை விட்டுவிடக் கூடாது. சல்பேட்டும் குளோரைடும் பள்ளிப் பதிவேட்டுப் பெயர்கள், அவை இல்லாமல் வெளியுலகத்தில் காரியம் நடக்காது. பிள்ளைக்கு இரண்டும் தெரிய வேண்டும். பாடம் சொல்லித் தருகிறவர்கள் சோடியம் குளோரைடு என்று எழுதிப் போடும்போது பக்கத்தில் கறியுப்பு என்றும் எழுதினால், பிள்ளைக்கு அந்தப் பாடம் தன் வீட்டுச் சமையல்கட்டைப் பற்றியது என்று தெரிந்துவிடும். உங்கள் பாட்டி, தாத்தா வைத்திருந்த அஞ்சறைப் பெட்டியிலோ மருந்துப் பெட்டியிலோ இப்படி வேறு உப்புப் பெயர்கள் இருந்திருந்தால் எழுதி அனுப்புங்கள். அவற்றின் பதிவேட்டுப் பெயரைத் தேடிப் பிடித்து அடுத்த பதிவில் போடுகிறேன்.